த போலீஸ் குழுவின் மீள்கூடல் இசைப்பயணம்

த போலீஸ் குழுவின் மீள்கூடல் இசைப்பயணம் என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த த போலீஸ் என்னும் ராக் இசைக்குழு, ஏறத்தாழ 23 ஆண்டுகள் பிரிந்திருந்தபின் மீண்டும் ஒன்றுகூடி 2007 மே 28 முதல் 2008 ஆகஸ்ட் 7 வரை உலகின் பல நாடுகளில் நடத்திய தொடர் இசைநிகழ்ச்சிகளைக் குறிக்கும். கனடாவின் வான்கூவர் நகரில் தொடங்கிய இப்பயணம், நியூ யார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் நிறைவுற்றது. 150 அளவிலான நிகழ்ச்சிகளின் மூலம் 34 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் ஈட்டிய இது, அக்காலத்தில் உலகில் மிகுதியாக வசூலித்த இசைப்பயணங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டது.

இப்பயணத்தின்போது புதிய பாடல் எதுவும் வெளியிடப்படவில்லை. பாடியவை ஏறத்தாழ எல்லாம் 1978க்கும் 1983க்கும் இடையில் வெளிவந்த ஐந்து இசைத்தொகுப்புகளில் உள்ளவையே. எனினும், ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போக இயலாமல் பிரிந்த மூவர் நடுவயதைக் கடந்தபின் அதே பாடல்களுக்காக மீண்டும் ஒரே மேடையில் நின்றது, இசை ஆர்வலர்களிடையே பெரும் எதிர்பார்ப்பை ஏற்படுத்தியது.

குழுவின் தோற்றம்

த போலீஸ் 1977இல் இலண்டனில் தொடங்கப்பட்டது. இதனைத் தொடங்கியவர் அமெரிக்கரான ஸ்டூவர்ட் கோப்லண்ட் என்னும் முரசுக் கலைஞர் ஆவார். இவருடைய தந்தை அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வில் பணியாற்றியவர், எனவே கோப்லண்டின் இளமைக்காலம் கெய்ரோவிலும் பெய்ரூத்திலும் கழிந்தது. குழுவுக்குப் 'போலீஸ்' என்று பெயரிட்டவரும் இவரே. இவருடைய அண்ணன்மாருள் மைல்ஸ் நடத்திய இசைத்தட்டு நிறுவனம் ஐ.ஆர்.எஸ். என்றும், இயன் நடத்திய நிகழ்ச்சி முகவர் நிறுவனம் எஃப்.பி.ஐ. என்றும் அழைக்கப்பட்டன. முதலாவது அமெரிக்க வருமானவரித் துறையின் பெயர்ச்சுருக்கம். இரண்டாவது நடுவண் புலனாய்வுத் துறையினுடையது. அரசுத் துறைகளின் பெயர்களை இவ்வாறு எடுத்துக்கொள்வது அக்குடும்பத்தின் வேடிக்கையாக இருந்தது.

பாடகரும் பேஸ் கிதார் கலைஞருமான ஸ்டிங்கின் இயற்பெயர் கார்டன் சம்னர். வட இங்கிலாந்தில் நியூகாசிலை அடுத்த வால்சென்ட் என்னும் கப்பல் கட்டும் ஊரில் பிறந்த இவர், பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்து கொண்டே ஜாஸ் குழுக்களில் வாசித்து வந்தார். முதலில் கிதார் வாசித்தவர் கோர்சிகாத் தீவைச் சேர்ந்த ஹென்றி பதோவனி. சில மாதங்களிலேயே அவர் விலக, ஆண்டி சம்மர்ஸ் அவ்விடத்திற்கு வந்தார். சம்மர்ஸ் மற்ற இருவரையும் விட ஏறத்தாழ பத்து ஆண்டு மூத்தவர். 1960களிலிருந்தே தொழில்முறைக் கலைஞராக இருந்தவர்.

அப்போது இங்கிலாந்தில் பங்க் எனப்படும் இரைச்சல் மிகுந்த, விரைவான இசை பரவியிருந்தது. மூவரும் அதன் வேகத்தையும், யமேக்காத் தீவில் தோன்றிய ரெகே இசையின் தாள அமைப்பையும் இணைத்தனர். ரெகேயில் கிதாரின் வீச்சு தாளத்தட்டின் மீது விழாமல் இரு தட்டுகளுக்கு இடையே விழும். கருநாடக இசையில் தட்டு விழுந்தபின் பாட்டைத் தொடங்கும் அனாகத எடுப்பை அறிந்தவர்களுக்கு இந்த இடைவெளியின் சுவை எளிதில் விளங்கும். மூவரே வாசித்தபோதும் அவர்களுடைய இசையில் வெற்றிடம் மிகுதி; ஒருவர் விடும் இடத்தை இன்னொருவர் நிரப்பாமலே விட்டுவிடுவார். மற்ற ராக் குழுக்களிலிருந்து இவர்களைப் பிரித்துக் காட்டிய கூறு இதுவே எனலாம்.

1978இல் ராக்சான் என்னும் பாடலும் அதே ஆண்டின் இறுதியில் முதல் இசைத்தொகுப்பும் வெளிவந்தன. அவ்வாண்டு அக்டோபரில் மலிவு விலை விமானத்தில் அமெரிக்கா சென்று, ஒரு வேனில் தம் கருவிகளைத் தாமே ஏற்றி இறக்கிச் சிறிய மன்றங்களில் வாசித்தனர். ஐந்து ஆண்டுகளில் நிலை முற்றிலும் மாறியது. 1983இல் வெளிவந்த சிங்க்ரோனிசிட்டி என்னும் ஐந்தாவது தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 17 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதிலுள்ள எவ்ரி பிரெத் யு டேக் என்னும் பாடல் எட்டு வாரங்கள் முதலிடம் வகித்தது. திருமண விருந்துகளில் காதற்பாடலாகப் பாடப்படும் இது, உண்மையில் தன்னை விட்டுப் பிரிந்தவளை ஓயாமல் கண்காணிக்கும் ஒருவனின் பொறாமையைப் பாடுவது.

பம்பாய் நிகழ்ச்சி, 1980

இந்திய வாசகர்களுக்கு இக்குழுவைப் பற்றிய சுவையான செய்தி, அது புகழேணியில் ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து வாசித்தது என்பதாகும். 1980 மார்ச் 26 அன்று பம்பாயின் தோபி தலாவ் பகுதியில், புனித சவேரியார் கல்லூரியை அடுத்துள்ள ரங் பவன் திறந்தவெளி அரங்கில் இந்நிகழ்ச்சி நடைபெற்றது. டைம் அண்ட் டேலண்ட்ஸ் கிளப் என்னும் மகளிர் அறப்பணி அமைப்பு, நிதி திரட்டும் பொருட்டு இதனை ஏற்பாடு செய்தது.

அக்காலத்தில் மேற்கத்திய ராக் குழுக்கள் அமெரிக்கா, ஐரோப்பா, சப்பான், ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு தம் பயணங்களை முடித்துக்கொள்வதே வழக்கம். இந்தியாவில் வெளிநாட்டுக் குழுவுக்குரிய ஒலிக்கருவிகள் கிடைப்பதும், அதற்கான பணத்தை அந்நியச் செலாவணியாகச் செலுத்துவதும் எளிதாக இருக்கவில்லை. மேலாளர் மைல்ஸ் கோப்லண்ட், மற்றவர் செல்லாத ஊர்களுக்குச் செல்வதையே விளம்பர உத்தியாகக் கொண்டார். இதன்படி ஆங்காங், பம்பாய், கெய்ரோ, ஏதென்சு ஆகிய நகரங்கள் அப்பயணத்தில் சேர்ந்தன. இப்பயணம் படமாக்கப்பட்டுப் பின்னர் 'போலீஸ் அரவுண்ட் த வேர்ல்டு' என்னும் ஆவணப்படமாக வெளிவந்தது. பம்பாய்க் காட்சிகளும் அதில் இடம்பெற்றுள்ளன.

ரங் பவன் அரங்கமும் தனியே குறிப்பிடத்தக்கது. 1978இல் முதலாவது ஜாஸ் யாத்திரை இசைவிழா நடந்த இடமும் அதுவே. மருத்துவமனையும் கல்லூரியும் அருகில் இருந்தமையால் அப்பகுதி ஒலித்தடைப் பகுதியாகி, 2000களின் தொடக்கத்தில் அங்கு இசைநிகழ்ச்சிகள் நின்றுபோயின. 2007-08இல் குழு மீண்டும் உலகைச் சுற்றியபோது சிங்கப்பூர், மக்காவு வரை வந்தும் இந்தியாவுக்கு வரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் பன்மடங்கு பெருகிவிட்ட இந்திய ரசிகர்களுக்கு இது ஏமாற்றமே.

பிரிவு

குழு முறையாகக் கலைக்கப்பட்டதாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. 1983 ஆகஸ்ட் 18 அன்று நியூ யார்க்கின் ஷே விளையாட்டரங்கில் ஏறத்தாழ 70,000 பேர் முன்னிலையில் வாசித்தபோதே, இதற்கு மேல் ஏற உயரம் இல்லை என்ற எண்ணம் தமக்கு வந்துவிட்டதாக ஸ்டிங் பிற்காலத்தில் கூறியுள்ளார். 1984 மார்ச் 4 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் நடந்த நிகழ்ச்சி அப்பயணத்தின் இறுதி நிகழ்ச்சி ஆயிற்று. அப்போது வந்திருந்தோர் எவரும் அதனைப் பிரிவு நிகழ்ச்சியாகக் கருதியிருக்க வாய்ப்பில்லை.

பிரிவுக்கான காரணங்கள் அதற்கு முன்பே இருந்தன. கரீபியன் கடலிலுள்ள மொன்செராட் தீவில் சிங்க்ரோனிசிட்டி தொகுப்பைப் பதிவு செய்தபோது, மூவரும் வெவ்வேறு அறைகளில் இருந்தே வாசித்தனர். கோப்லண்டின் முரசுகள் சாப்பாட்டு அறையில் வைக்கப்பட்டிருந்தன. ஒலித்தரத்திற்காக இவ்வாறு செய்ததாகக் கூறப்பட்டாலும், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருப்பதும் அவர்களுக்கு வசதியாகவே இருந்தது.

சண்டையின் வேர் பாடல் உரிமையில் இருந்தது. புகழ்பெற்ற பாடல்களில் பெரும்பாலானவை ஸ்டிங் ஒருவரின் பெயரில் எழுதப்பட்டவை. மேற்கத்திய இசைத்துறையின் வழக்கப்படி, சொல்லையும் மெட்டையும் இயற்றியவருக்கே எழுத்துரிமைத் தொகை போய்ச்சேரும். முரசு அமைப்பையோ கிதார் வரிசையையோ உருவாக்கியவருக்கு அதில் பங்கு கிடையாது. தமிழ்த் திரையிசையில் இசையமைப்பாளரின் பெயர் விளங்க, பல்லவிக்கு முன் வரும் மறக்கவியலாத கிதார் இசையை வாசித்தவரின் பெயர் வெளிவராமல் போவதோடு இதனை ஒப்பிடலாம். எவ்ரி பிரெத் யு டேக் பாடலைக் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் காட்டும் கிதார் இசை சம்மர்ஸ் அமைத்தது. பாடலாசிரியராகப் பதிவாகியிருப்பவரோ ஸ்டிங் மட்டுமே. 1997இல் அமெரிக்க ராப் பாடகர் பஃப் டாடி அந்தக் கிதார் இசையை எடுத்தாண்டு பாடிய பாடல் உலகெங்கும் முதலிடம் பெற்றபோதும் உரிமைத்தொகை ஸ்டிங்கையே சேர்ந்தது. சம்மர்ஸ் இதனைப் பல நேர்காணல்களில் வருத்தத்தோடு குறிப்பிட்டுள்ளார்.

1986 சூனில் பன்னாட்டு மன்னிப்பு அவையின் நிதிக்காக அட்லாண்டா, சிக்காகோ, நியூ செர்சி ஆகிய இடங்களில் மூன்று நிகழ்ச்சிகளில் மட்டும் மூவரும் சேர்ந்து வாசித்தனர். கடைசி நிகழ்ச்சியின் முடிவில் தம் கருவிகளை அயர்லாந்தின் யு2 குழுவினரிடம் கொடுத்தனர். உலகின் முதன்மைக் குழு என்னும் இடத்தையே கைமாற்றிக் கொடுத்ததாகப் பின்னர் பலர் இதனை விளக்கினர். அடுத்த மாதம் பழைய பாடல்களைப் புதிதாகப் பதிவு செய்ய முயன்றனர். தொடங்குவதற்கு முதல் நாள் கோப்லண்ட் குதிரையிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். முரசு வாசிக்க இயலாத நிலையில், எந்த மின்னணுக் கருவியில் தாளத்தை அமைப்பது என்ற வாக்குவாதத்திலேயே நாள்கள் கழிந்தன. அம்முயற்சியில் அப்போது வெளிவந்தது ஒரே ஒரு பாடல்தான்.

இடைப்பட்ட ஆண்டுகள்

இக்காலத்தில் ஸ்டிங் தனிப் பாடகராகப் பெரும் வெற்றி பெற்றார். கோப்லண்ட் திரைப்படங்களுக்கும் ஆப்பெரா என்னும் இசை நாடகங்களுக்கும் இசையமைத்தார். சம்மர்ஸ் ஜாஸ் சார்ந்த தொகுப்புகளை வெளியிட்டதோடு ஒளிப்படக் கலையிலும் ஈடுபட்டார். 1992இல் ஸ்டிங்கின் திருமண விருந்தில் மூவரும் இரு பாடல்களை வாசித்தனர். 2003 மார்ச் 10 அன்று ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் குழு சேர்க்கப்பட்டபோது மேடையில் மூன்று பாடல்களை வாசித்தனர். அவ்வளவே.

2006ஆம் ஆண்டில் பழைய நினைவுகள் ஒருசேர வெளிப்பட்டன. கோப்லண்ட் தாம் எட்டு மில்லிமீட்டர் படக்கருவியில் எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தொகுத்து ஆவணப்படமாகச் சண்டான்சு திரைவிழாவில் திரையிட்டார். சம்மர்ஸ் தன்வரலாற்று நூலை வெளியிட்டார். ஸ்டிங்கோ, 16-17ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஜான் டவுலண்ட் என்பவரின் பாடல்களை லூட் என்னும் பழைய நரம்பிசைக் கருவியோடு பாடித் தொகுப்பாக வெளியிட்டார். அதற்கு அடுத்து என்ன செய்தால் எவரும் எதிர்பாராததாக இருக்கும் என்று எண்ணியபோதே பழைய குழுவின் நினைவு வந்ததாக அவர் கூறினார். மற்ற இருவரும் கூட எதிர்பாராத முடிவுதான் அது.

அறிவிப்பும் ஒத்திகையும்

2007 பிப்ரவரி 11 அன்று லாஸ் ஏஞ்சலசில் நடைபெற்ற 49ஆவது கிராமி விருது விழா, த போலீஸ் வாசித்த ராக்சான் பாடலுடன் தொடங்கியது. மறுநாள் அந்நகரிலுள்ள விஸ்கி அ கோ கோ என்னும் பழம்பெரும் இசை மன்றத்தில் பயண அறிவிப்பு வெளியாயிற்று. அமெரிக்காவில் நுழைவுச்சீட்டின் விலை 50 டாலரிலிருந்து 225 டாலர் வரை நிர்ணயிக்கப்பட்டது. பல நகரங்களில் சீட்டுகள் மிக விரைவாகத் தீர்ந்து, கூடுதல் நிகழ்ச்சிகள் அறிவிக்கப்பட்டன.

அப்போது ஸ்டிங்கிற்கு 55 வயது, கோப்லண்டுக்கு 54, சம்மர்சுக்கு 64. ஒத்திகையிலேயே பழைய பூசல் தலைதூக்கியது. இருபது ஆண்டுகளாகத் தாம் சொன்னபடி வாசிக்கும் கலைஞர்களுடன் பழகிவிட்ட ஸ்டிங், பாடல்களைப் புதிய வடிவில், சற்று நிதானமான வேகத்தில் அமைக்க விரும்பினார். பாடல்கள் எப்படிப் புகழ்பெற்றனவோ அப்படியே வாசிக்க வேண்டும் என்பது மற்ற இருவரின் எண்ணம். இறுதியில் இரண்டும் கலந்தே அமைந்தன. ஸ்டிங்கின் குரல் வயதால் சற்று இறங்கியிருந்தமையால் சில பாடல்கள் குறைந்த சுருதியில் பாடப்பட்டன.

ஒரு முடிவில் மட்டும் மூவரும் ஒத்துப்போயினர். 1983 பயணத்தில் பின்னணி பாட மூன்று பெண்கள் மேடையில் இருந்தனர். இம்முறை துணைக் கலைஞர் எவரும் வேண்டா, மூவர் மட்டுமே வாசிப்பது என முடிவு செய்தனர். பேரரங்குகளில் நிகழ்ச்சி நடத்தும் மூத்த குழுக்கள் திரைக்குப் பின் விசைப்பலகைக் கலைஞர்களை அமர்த்திக்கொள்வது வழக்கமாகிவிட்ட காலத்தில் இது துணிச்சலான முடிவாகும். பிழை நேர்ந்தால் மறைக்க ஆள் இல்லை.

வான்கூவர் தொடக்கம்

2007 மே 27 அன்று ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கான முன்னோட்டமும், மறுநாள் முறையான தொடக்க நிகழ்ச்சியும் வான்கூவரில் நடைபெற்றன. பிழையும் உடனே நேர்ந்தது. வான்கூவர் நிகழ்ச்சிகளுள் ஒன்றைப் பற்றிக் கோப்லண்ட் தம் வலைத்தளத்தில் தாமே கடுமையான விமரிசனம் எழுதினார். முதல் பாடலின் தொடக்கத்தைத் தாம் தவறவிட்டதையும், மூவரும் தாளம் பிசகித் தடுமாறியதையும், ஸ்டிங்கின் பாய்ச்சல் கம்பீரமின்றி முடிந்ததையும் அவர் நகைச்சுவையோடு விவரித்திருந்தார். மாபெரும் குழு எனப் பெயர் பெற்ற தாங்கள் நடுக்கடலில் தத்தளித்ததாகவே எழுதினார்.

செய்தி நிறுவனங்கள் இதனை உலகெங்கும் பரப்பின. குழு மீண்டும் உடையப்போகிறது என்ற பேச்சும் எழுந்தது. ஆயின் பயணம் தொடர்ந்தது. தம் நிகழ்ச்சி சரியில்லை என்று நிகழ்த்தியவரே மறுநாள் வெளிப்படையாகக் கூறுவது எந்த நாட்டு மேடையிலும் அரிது என்பதால் இச்செய்தி நெடுநாள் நினைவில் நின்றது. பிழைகளையும் சேர்த்தே மேடையில் நிகழ்வது உயிருள்ள இசை என்பதை இது காட்டியதாகச் சிலர் பாராட்டவும் செய்தனர்.

பயணம்

கோடைக்காலம் முழுவதும் வட அமெரிக்காவில் நிகழ்ச்சிகள் நடைபெற்றன. 2007 சூலை 7 அன்று புவி வெப்பமாதல் குறித்த விழிப்புணர்வுக்காகப் பல நாடுகளில் ஒரே நாளில் நடந்த லைவ் எர்த் நிகழ்ச்சியில், நியூ செர்சி மேடையை இக்குழுவே நிறைவு செய்தது. ஆகஸ்ட் இறுதியில் சுவீடனின் ஸ்டாக்கோமிலிருந்து ஐரோப்பியப் பகுதி தொடங்கியது. செப்டம்பர் இறுதியில் பாரிசை அடுத்த பிரான்சு தேசிய விளையாட்டரங்கில் நடந்த நிகழ்ச்சியில், முப்பது ஆண்டுகளுக்கு முன் விலகிய ஹென்றி பதோவனி மேடையேறி இறுதிப் பாடலில் கிதார் வாசித்தார். குழுவில் இடம்பெற்ற நால்வரும் ஒன்றாக நின்ற அரிய காட்சி அது. அடுத்து வந்த நாள்களில் பிரான்சு அரசு மூவருக்கும் கலை இலக்கியச் செவாலியர் விருது வழங்கியது. தமிழ்நாட்டில் நடிகர் சிவாஜி கணேசனுக்கு அளிக்கப்பட்டதன் மூலம் அறிமுகமான அதே வரிசையைச் சேர்ந்த விருது இது.

டிசம்பரில் குழு தென் அமெரிக்கா சென்றது. 1, 2 ஆகிய நாள்களில் அர்ச்சென்டினாவின் புவெனஸ் ஐரிசில் ரிவர் பிளேட் அரங்கில் நடந்த நிகழ்ச்சிகள் ஒலி, ஒளிப்பதிவு செய்யப்பட்டு, 2008 நவம்பரில் 'சர்ட்டிஃபையபிள்' என்னும் பெயரில் இறுவட்டுகளாக வெளிவந்தன. மேடையில் மூவரும் எவ்வாறு ஒருவரையொருவர் கவனித்தும் கவனியாமலும் வாசித்தனர் என்பதை அறிய இப்பதிவு நல்ல சான்றாகும். அதில் ராப்ட் அரவுண்ட் யுவர் ஃபிங்கர் என்னும் பாடலுக்குக் கோப்லண்ட் வழக்கமான முரசுகளை விட்டெழுந்து, பின்னாலிருந்த சேகண்டி, மணி, சிறு உலோகத் தட்டுகள் ஆகியவற்றுக்கிடையே ஓடியோடி வாசிப்பதைக் காணலாம்.

2008 தொடக்கத்தில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மக்காவு, சப்பான் ஆகிய இடங்களிலும், கோடையில் மீண்டும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. பல இடங்களில் ஸ்டிங்கின் மகன் ஜோ சம்னரின் ஃபிக்சன் பிளேன் குழு முன்நிகழ்ச்சி வழங்கியது. 2008 அமெரிக்க நிகழ்ச்சிகள் பலவற்றில் அப்பணியை எல்விஸ் காஸ்டெல்லோ மேற்கொண்டார்.

இறுதி நிகழ்ச்சி

2008 ஆகஸ்ட் 7 அன்று மாடிசன் சதுக்க அரங்கில் இறுதி நிகழ்ச்சி நடைபெற்றது. இதன் வருவாய் நியூ யார்க்கின் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு அளிக்கப்பட்டது. அந்நகரில் பத்து இலட்சம் மரங்கள் நடும் மாநகராட்சித் திட்டத்திற்கும் குழு 10 இலட்சம் டாலர் வழங்க முன்வந்தது. அன்று தம் பாடல்களோடு, தமக்கு முன்னிருந்த மூவர் குழுக்களான கிரீம், ஜிமி ஹென்ரிக்ஸ் குழு ஆகியவற்றின் பாடல்களையும் வாசித்தனர். மெல்பேர்ணில் 1984இல் அறிவிக்கப்படாமல் போன பிரிவு இம்முறை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, விடைபெறும் நிகழ்ச்சியாகவே நடந்தேறியது.

வருவாயும் பின்புலமும்

2007இல் வட அமெரிக்காவில் மிகுதியாக வசூலித்த இசைப்பயணம் இதுவே. இதன் பின்புலத்தை அறிய இசைத்துறையில் அப்போது ஏற்பட்டிருந்த மாற்றத்தை நோக்க வேண்டும். 1980களில் இசைத்தட்டு விற்பனையே முதன்மை வருவாய். சுற்றுப்பயணம் அதற்கான விளம்பரம். 2000க்குப் பின் இணையம்வழிக் கோப்புப் பகிர்வு பரவி இறுவட்டு விற்பனை சரிந்தபோது நிலை தலைகீழாயிற்று. படியெடுக்க இயலாதது மேடை நிகழ்ச்சி ஒன்றே. இளமையில் இசைத்தட்டு வாங்கியவர்கள் நடுவயதில் அதிக விலைக்குச் சீட்டு வாங்கும் வசதி பெற்றிருந்ததும் இதற்கு உதவியது.

இவ்வழியை முதலில் பெரிய அளவில் காட்டியது 1994இல் 14 ஆண்டுகளுக்குப் பின் கூடிய ஈகிள்ஸ் குழு ஆகும். பிங்க் ஃபிளாய்ட் 2005 சூலை 2 அன்று இலண்டனில் ஒரே ஒரு முறையும், லெட் செப்பலின் 2007 டிசம்பர் 10 அன்று ஒரே ஒரு முறையும் கூடின. ஓயாசிஸ் குழுவின் கல்லகர் சகோதரர்கள் 16 ஆண்டுப் பிரிவுக்குப் பின் 2025 சூலை 4 அன்று வேல்சின் கார்டிஃபில் தம் பயணத்தைத் தொடங்கினர். இந்தியாவில் இவ்வகைக்கு எடுத்துக்காட்டாக மும்பையின் இண்டஸ் கிரீட் குழுவைக் கூறலாம். 1984இல் ராக் மெஷின் என்ற பெயரில் தோன்றி, 1993இல் எம்டிவி விழாவில் ஆசிய நேயர் விருது பெற்ற இக்குழு, 1997இல் கலைந்து, 2010இல் உதய் பெனகல், மகேஷ் தினைகர், சுபின் பாலபோரியா ஆகிய பழைய உறுப்பினர்களுடன் மீண்டும் கூடியது. த போலீசைப் போலன்றி இவர்கள் 2012இல் 'இவால்வ்' என்னும் புதிய தொகுப்பையும் வெளியிட்டனர். வருவாயில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. ஆயினும் மீள்கூடலின் பயன் புதிய பாடல்கள் எனக் கொள்வோருக்கு மும்பைக் குழுவே மேலானதாகத் தோன்றக்கூடும்.

வரவேற்பு

விமரிசகர்களின் கருத்துகள் ஒரே தன்மையனவாக இல்லை. மூவர் மட்டுமே எழுப்பிய ஒலியின் செறிவையும், குறிப்பாகக் கோப்லண்டின் முரசு வாசிப்பையும் பலர் பாராட்டினர். பாடல்களின் வேகம் குறைந்துவிட்டது என்பதும், புதிய பாடல் இல்லாத பயணம் பணம் ஈட்டும் முயற்சியே என்பதும் எதிர்க்கருத்துகள். இரண்டாவது குற்றச்சாட்டை முற்றிலும் மறுப்பதற்கில்லை. எனினும் பணம் ஒன்றே நோக்கமாயின், வரவேற்பு குறையாதபோதே பயணத்தை முடித்துக்கொண்டதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியிருக்கும்.

பிந்தைய நிகழ்வுகள்

2009இல் கோப்லண்ட் வெளியிட்ட நூலில் இப்பயணத்தின் உள்நிகழ்வுகளை விரிவாக எழுதினார். சம்மர்சின் நூலைத் தழுவிய ஆவணப்படத்திலும் மீள்கூடல் காட்சிகள் இடம்பெற்றன. கோப்லண்ட் பின்னர் குழுவின் பாடல்களைச் சேர்ந்திசைக் குழுவுக்கேற்ப மாற்றியமைத்துத் தாமே பல நாடுகளில் நிகழ்த்தினார். ஸ்டிங் மீண்டும் அத்தகைய பயணம் செய்யப்போவதில்லை என்று பலமுறை தெரிவித்துள்ளார். 2022இல் அவர் தம் பாடல்களின் எழுத்துரிமையை யுனிவர்சல் இசை நிறுவனத்திற்கு விற்றார். குழுவின் காலத்தில் எழுதிய பாடல்களும் அதில் அடங்கும்.

2025இல் கோப்லண்டும் சம்மர்சும், இணையவழி ஒலிபரப்பின் வாயிலாகக் கிடைக்கும் உரிமைத்தொகையில் தமக்குரிய பங்கு முறையாகத் தரப்படவில்லை எனக் கூறி, ஸ்டிங்கின் மீதும் அவருடைய நிறுவனத்தின் மீதும் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். ஸ்டிங் தரப்பு இதனை மறுத்தது.